திருத்தந்தையரின் சமூக நீதிப் போதனையும் மண்ணின் காப்பும்

தோற்றுவாய்

உழைப்பவனுக்கு உரிய கூலி, தாகமுற்றவனுக்கு உரிய நீர், குடியிருப்பவனுக்கு உரிய மனை ஆகிய மூன்றும் ஒரே நீதியின் மூன்று முகங்களாகும். இவ்வுண்மையை நம் முன்னோர் ஏட்டைப் படித்து உணர்ந்தாரல்லர். ஊர்க் கிணற்றில் வாளி இறக்க உரிமையின்றி, உழுத வயலில் ஒரு சாண் மண்ணையும் தமதென்று சொல்லும் வாய்ப்பின்றி, குடிசை நின்ற மனையும் மிராசுதாரருடையதாக இருக்க, நாள்தோறும் பட்டு உணர்ந்தனர். உலகப் பேரமைப்புகள் பலவற்றுக்கு இவ்வுண்மை மெல்ல மெல்லவே புலனாயிற்று. அவற்றுள் ஒன்று கத்தோலிக்கத் திருச்சபை.

அத்திருச்சபையின் தலைவர்களாகிய திருத்தந்தையர் 1891-ஆம் ஆண்டு முதலாகத் தொழிலாளர், ஏழைகள், நிலம், நாடுகளுக்கிடையே நீதி, இயற்கை ஆகியன பற்றித் தொடர்ந்து எழுதி வந்துள்ளனர். இவ்வெழுத்துகளுள் பெரும்பாலானவை சுற்றுமடல் என்னும் வடிவில் வந்தவை. உலகெங்குமுள்ள ஆயர்களுக்கும் இறைமக்களுக்கும், பிற்காலத்தில் நன்மனம் படைத்த எல்லா மக்களுக்கும், திருத்தந்தை விடுக்கும் போதனைக் கடிதமே சுற்றுமடல் எனப்படும். மடலின் தொடக்கச் சொற்களே அதற்குப் பெயராக வழங்குவது மரபு.

இப்போதனையின் வரலாற்றை நம் வெள்ளி விழா மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். நம் மக்களுள் கிறிஸ்தவரும் உளர், பிற சமயத்தாரும் உளர். எனினும் இந்தியக் கத்தோலிக்கருள் பெரும்பகுதியினர் தலித் மக்களே என்பதை மறத்தலாகாது. தம் சமயத்தின் தலைமை தம்மைக் குறித்தும் தம் உழைப்பைக் குறித்தும் என்ன சொன்னது என்று அறியாதவர், அச்சமயத்தில் தமக்குரிய பங்கைக் கேட்டுப் பெற இயலாது. பிற சமயத்தவராகிய நம்மவர்க்கும் இவ்வரலாற்றில் பயன் உண்டு. நிலத்தையும் நீரையும் பற்றி இன்று உலகமே பேசுகின்றது. அப்பேச்சில் நமக்குரிய இடம் யாது என்று தெளிய இவ்வரலாறு துணை செய்யும்.

பழைய கணக்கு

வரலாற்றை நேர்மையாகச் சொல்வதாயின் 1891-க்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும். 1452-இலும் 1455-இலும் திருத்தந்தை ஐந்தாம் நிக்கொலாஸ் போர்த்துக்கல் மன்னருக்கு விடுத்த ஆணை மடல்கள், கிறிஸ்தவரல்லாத மக்களை வென்று அடக்கவும், அவர்தம் நிலங்களைக் கைப்பற்றவும், அவர்களை நிரந்தர அடிமைகளாக்கவும் இசைவு தந்தன. ஆப்பிரிக்கக் கரையில் தொடங்கிய அடிமை வாணிகத்துக்கு அம்மடல்கள் ஒரு போர்வையாயின.

அதே பீடத்திலிருந்து வேறு குரலும் எழுந்தது. 1537-இல் மூன்றாம் சின்னப்பர், அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மக்கள் உண்மையான மனிதர்களே என்றும், அவர்கள் கிறிஸ்தவரல்லராயினும் அவர்தம் விடுதலையையும் உடைமையையும் பறித்தல் ஆகாது என்றும் அறிவித்தார். 1839-இல் பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிகத்தைக் கண்டித்தார். பிரேசில் நாட்டில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட 1888-ஆம் ஆண்டில், பதிமூன்றாம் சிங்கராயர் அந்நாட்டு ஆயர்களுக்கு மடல் எழுதி அவ்விடுதலையை வரவேற்றார். பழைய ஆணை மடல்கள் எல்லா மக்களின் சம மாண்பைப் போதிய அளவு வெளிப்படுத்தவில்லை என்று ஒப்புக்கொண்டு, அவற்றிலிருந்து எழுந்த நிலப்பறிப்புக் கொள்கையை வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது 2023 மார்ச் 30 அன்றுதான். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்து வந்த மறுப்பு அது. அதிகாரத்தில் இருப்போரின் மனச்சான்று எத்துணைத் தாமதமாக விழிக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. எனினும் அது விழித்தது என்பதும் வரலாறே.

1891-ஆம் ஆண்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் ஆலைகளும் சுரங்கங்களும் பெருகின. உழைப்பாளர் நகரங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். பெண்களும் சிறுவரும் விடியுமுன் ஆலைக்குள் புகுந்து இருட்டிய பின் வெளிவந்தனர். இந்நிலை கண்டு குருத்துவத்தினர் சிலர் துணிந்து பேசலாயினர். செர்மனியில் மைன்ஸ் நகர ஆயர் கெட்டெலர் 1864-இல் தொழிலாளர் பிரச்சினை குறித்து நூல் எழுதினார். 1889-இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கர்தினால் மானிங் முதலாளிகளுக்கும் தொழிலாளர்க்கும் இடையே நின்று தீர்வு கண்டார்.

இச்சூழலில் 1891 மே 15 அன்று பதிமூன்றாம் சிங்கராயர் வெளியிட்டதே 'ரேரும் நொவாரும்' என்னும் சுற்றுமடல். லியோ என்னும் பெயரையே நம் முன்னோர் சிங்கராயர் என்று தமிழாக்கி வழங்கினர். தொழிலாளியும் முதலாளியும் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட கூலியே நியாயமான கூலி என்று அக்காலப் பொருளியலார் பலர் சொல்லி வந்தனர். திருத்தந்தை இதனை மறுத்தார். பசிக்கு அஞ்சிக் குறைந்த கூலிக்கு இசையும் தொழிலாளி வன்முறைக்கே இரையாகின்றான் என்றும், சிக்கனமாக வாழும் உழைப்பாளி தன் வாழ்வை நடத்தப் போதிய கூலி என்பது எந்த ஒப்பந்தத்துக்கும் முற்பட்ட இயற்கை நீதி என்றும் அவர் நிறுவினார். தொழிலாளர் சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமை, ஓய்வு நாள், பெண்கள் சிறுவர் உழைப்புக்கு வரம்பு, ஏழைகளைக் காப்பதில் அரசுக்குள்ள தனிக்கடமை ஆகியவற்றையும் வலியுறுத்தினார். கூடுமானவரை மிகுதியான மக்கள் சொந்த நிலமும் உடைமையும் பெறச் சட்டம் துணை நிற்க வேண்டும் என்றார். தனக்கென்று நிலம் உடையவன் அந்நிலத்தின்மீது அன்பு கொண்டு உழைப்பான் என்பது அவர் கூறிய காரணம்.

மடலின் குறைகளையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. பொதுவுடைமைக் கொள்கையை அது கடுமையாக எதிர்த்தது. மக்களிடையே உயர்வு தாழ்வான நிலைகள் இருத்தல் இயற்கையே என்றும் அது கருதியது. ஐரோப்பிய ஆலைத் தொழிலாளியே அதன் கண்முன் நின்றான். காலனி நாடுகளின் கூலியாளும் பண்ணையாளும் அதன் பார்வையில் படவில்லை.

அதே 1891-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்தவற்றை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமுடையது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர், அம்மாவட்டப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். மிராசு முன்னுரிமை என்னும் பெயரால் தரிசு நிலம்கூட அவர்களுக்குக் கிட்டாமையையும், குடியிருக்கும் மனையே பிறருடையதாதலால் அவர்கள் வாய் திறக்க இயலாமையையும், கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தமையையும் அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதன் விளைவாக 1892-இல் சென்னை அரசு, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கவும் அந்நிலம் பிறர் கைக்கு மாறாதிருக்க நிபந்தனை விதிக்கவும் முடிவு செய்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று கூறுவது இதனையே. அதே 1891-இன் இறுதியில் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் மாநாடு கூட்டி நம் மக்களின் கோரிக்கைகளை வகுத்தார். அண்ணல் அம்பேத்கர் பிறந்ததும் அவ்வாண்டின் ஏப்ரல் 14 அன்றே.

உரோமாபுரியில் எழுதியவரும் செங்கல்பட்டில் எழுதியவரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் இருவரும் ஒரே இடத்தில் வந்து நின்றனர். நிலமற்றவனின் விடுதலை நிலத்தில் தொடங்குகின்றது என்பதே அவ்விடம். பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பின்னாளில் பிறர் கைக்குச் சென்றதையும், காரணைப் பஞ்சமி நிலத்துக்காக 1994-இல் நடந்த போராட்டத்தில் இருவர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானதையும் நாம் அறிவோம். ஏட்டில் எழுதிய நீதி வயலில் நிலைபெறுவது எளிதன்று.

உடைமைக்கு ஓர் எல்லை

நாற்பது ஆண்டுகளுக்குப்பின், உலகப் பொருளாதார மந்தம் கோடிக்கணக்கானோரை வேலையின்றித் தெருவில் நிறுத்திய காலத்தில், 1931 மே 15 அன்று பதினோராம் பத்திநாதர் 'குவாத்ரஜேசிமோ ஆன்னோ' என்னும் மடலை விடுத்தார். ஆலைக்குள் செல்லும் கச்சாப் பொருள் மேன்மையுற்று வெளிவருகின்றது, அங்குச் செல்லும் மனிதனோ சீர்குலைந்து வெளிவருகின்றான் என்று அவர் வருந்தினார். சமூக நீதி என்னும் சொல் திருத்தந்தையரின் போதனையில் நிலைபெற்றது இம்மடலாலேயே.

இருபத்து மூன்றாம் அருளப்பர் இத்தாலியில் குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1961-இல் அவர் வெளியிட்ட 'மாத்தெர் எத் மஜிஸ்த்ரா' என்னும் மடல் பின்தங்கிய துறையாகிய வேளாண்மையையும், சிற்றுழவரின் துயரையும், செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்கு ஆற்றவேண்டிய கடமையையும் விரித்துரைத்தது. 1963 ஏப்ரல் 11 அன்று வெளிவந்த 'பாச்செம் இன் தெர்ரிஸ்' மனித உரிமைகளைப் பட்டியலிட்டது. தொழிலாளர் எழுச்சி, பெண்கள் பொதுவாழ்வில் புகுதல், அடிமைப்பட்ட நாடுகள் விடுதலை பெறுதல் ஆகிய மூன்றையும் காலத்தின் அடையாளங்கள் என அவர் வரவேற்றார்.

அவர் கூட்டிய இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கம், 1965 டிசம்பர் 7 அன்று 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டை ஏற்றது. இனம், நிறம், பால், சமூக நிலை, மொழி, சமயம் ஆகியவற்றின் பெயரால் நிகழும் ஒவ்வொரு வேற்றுமையும் இறைவனின் திட்டத்துக்கு முரணானது, களையப்பட வேண்டியது என்று அது முழங்கியது. மண்ணுலகும் அதிலுள்ள யாவும் எல்லா மக்களின் பயனுக்காகவே படைக்கப்பட்டன என்னும் தொன்மைக் கோட்பாட்டையும் மீண்டும் நிலைநாட்டியது. தனியுடைமை ஏற்கத்தக்கதே, ஆயினும் அது இப்பொதுநோக்குக்குக் கீழ்ப்பட்டது. உழப்படாமல் கிடக்கும் பெரும் பண்ணைகளை உழக்கூடியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம் என்றும் அவ்வேடு கூறுகின்றது. நிலச் சீர்திருத்தம் பேசுவோரை நாத்திகர் என்று தூற்றிய பக்தர்கள் இப்பகுதியைப் படித்திருப்பாரா என்பது ஐயமே.

ஆறாம் சின்னப்பர் இந்திய மண்ணை மிதித்த முதல் திருத்தந்தை. 1964 டிசம்பரில் பம்பாயில் நடைபெற்ற நற்கருணை மாநாட்டுக்கு வந்தபோது, உலக நாடுகள் படைக்கலச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி ஏழைகளுக்கென ஒரு நிதி அமைக்க வேண்டும் என்று அவர் வேண்டினார். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தாம் கண்டவற்றின் நினைவோடு 1967 மார்ச் 26 அன்று 'பொப்புலோரும் ப்ரொக்ரெஸ்ஸியோ' என்னும் மடலை அவர் வெளியிட்டார். மக்களின் முன்னேற்றமே அமைதிக்கு மறுபெயர் என்பது அதன் கருத்து. செல்வன் ஏழைக்குக் கொடுப்பது தன் பொருளையன்று, ஏழைக்குரியதையே திருப்பித் தருகின்றான் என்று நான்காம் நூற்றாண்டில் புனித அம்புரோசியார் உரைத்ததை அவர் எடுத்தாண்டார். பிச்சையும் நீதியும் வேறு வேறு என்பதை இவ்வளவு தெளிவாக உரைத்த மடல் அரிது. சலுகை என்றும் கருணை என்றும் சொல்லி நமக்குரியதை நமக்கே ஈகையாகத் தருவோரிடம் நாம் சொல்லவேண்டிய விடையும் இதுவே.

மண்ணின் குரல்

இதுவரை சொல்லப்பட்டவற்றில் மண் என்பது பங்கிடப்பட வேண்டிய உடைமையாகவே வந்தது. அம்மண்ணே அழியக்கூடும் என்னும் எண்ணம் 1970-க்குப் பிறகே திருத்தந்தையரின் எழுத்தில் இடம்பெற்றது. 1970 நவம்பரில் உரோமாபுரியில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தில் உரையாற்றிய ஆறாம் சின்னப்பர், தொழில் நாகரிகத்தின் விளைவாகப் பேரழிவு நேரக்கூடும் என்று எச்சரித்தார். 1971 மே மாதத்தில் வெளியிட்ட மடலில், மனிதன் இயற்கையைச் சிந்தனையின்றிச் சுரண்டுவதால் அதனை அழித்து, அவ்வழிவுக்குத் தானும் இரையாகக்கூடும் என்று எழுதினார். சுற்றுச்சூழல் பற்றி 1972 சூனில் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டுக்கும் செய்தி விடுத்தார்.

இரண்டாம் அருள் சின்னப்பர் இளமையில், நாசிகள் போலந்தை ஆக்கிரமித்திருந்த காலத்தில், கல் குவாரியிலும் இரசாயன ஆலையிலும் கூலி வேலை செய்தவர். 1981 செப்டம்பர் 14 அன்று அவர் வெளியிட்ட 'லபோரெம் எக்செர்சென்ஸ்', முதலைவிட உழைப்பே முதன்மையானது என்று நிறுவியது. 1987-இல் வெளிவந்த மற்றொரு மடலில் பாவத்தின் கட்டமைப்புகள் என்னும் கருத்தை அவர் விரித்தார். தீமை தனிமனிதன் நெஞ்சில் மட்டும் குடியிருப்பதன்று. சட்டத்திலும் வாணிகத்திலும் வழக்கத்திலும் அது கட்டடமாக எழுந்து நிற்கக்கூடும். சாதியை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அவரே 1979-இல் பிரான்சிஸ் அசிசியாரை இயற்கையைப் பேணுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். 1990 சனவரி 1 உலக அமைதி நாளுக்கு அவர் விடுத்த செய்தி, முழுவதும் சுற்றுச்சூழல் குறித்தே அமைந்தது. வறுமையின் கட்டமைப்புகளைத் தொடாமல் இயற்கையைக் காத்தல் இயலாது என்று அதில் அவர் எழுதினார். அவருக்குப் பின்வந்த பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2009-இல் 'கரிதாஸ் இன் வெரிதாத்தே' என்னும் மடலில், இயற்கை எல்லார்க்கும் பொதுவான கொடை என்றும், உணவும் நீரும் எல்லா மக்களுக்கும் உரிய உரிமைகள் என்றும் எடுத்துரைத்தார்.

'இறைவா உமக்கே புகழ்'

இவ்விரண்டு ஓடைகளும், அதாவது உழைப்பாளியின் நீதியும் மண்ணின் காப்பும், ஒன்றாய்க் கலந்து பேராறாகியது 2015 மே 24 நாளிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலிலேதான். 'இறைவா உமக்கே புகழ்' என்று தமிழில் வழங்கும் இம்மடலை எழுதியவர் திருத்தந்தை பிரான்சிஸ். தென்னமெரிக்காவிலிருந்து வந்த முதல் திருத்தந்தையாகிய அவர், புவனோஸ் அயர்ஸ் நகரப் பேராயராக இருந்தபோது, இரவில் தெருக்களில் அட்டையும் காகிதமும் பொறுக்கி வாழும் தொழிலாளரோடு நெருங்கிப் பழகியவர். திருத்தந்தையான பின்னர், குப்பை பொறுக்குவோர், நிலமற்ற உழவர், குடிசைவாழ் மக்கள் ஆகியோரின் இயக்கங்களை 2014-இல் உரோமாபுரிக்கும் 2015-இல் பொலிவியாவின் சாந்தா குரூசுக்கும் அழைத்து உரையாடினார். நிலம், உறையுள், உழைப்பு ஆகிய மூன்றும் புனித உரிமைகள் என்பது அவர் அக்கூட்டங்களில் வலியுறுத்திய கருத்து.

ஆறு அதிகாரங்களும் 246 பத்திகளும் கொண்ட அம்மடலின் மையக் கருத்தைச் சுருங்கக் கூறலாம். சமூகத்துக்கு ஒரு நெருக்கடி, இயற்கைக்கு வேறொரு நெருக்கடி என இரண்டில்லை. இரண்டும் ஒன்றே. பூமியின் கூக்குரலைக் கேட்பவன் ஏழையின் கூக்குரலையும் உடன் கேட்டாக வேண்டும். காடழிந்தால், கடல் கெட்டால், மழை பொய்த்தால் முதலில் அழிவோர் அழிவுக்குக் காரணமாகாத ஏழைகளே. தூய குடிநீர் பெறுதல் அடிப்படை மனித உரிமை, அதனை மறுப்பது வாழும் உரிமையையே மறுப்பதாகும். பொருளைப் பயன்படுத்தி எறிவதுபோல் மனிதரையும் எறியும் பண்பாடு இன்று வளர்ந்துள்ளது. இவ்வுலகின் வளங்களை மிகுதியாக நுகர்ந்த செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சூழலியல் கடன் பட்டுள்ளன. இவையே அம்மடலின் சாரம்.

அம்மடல் வெளிவந்த ஆண்டின் இறுதியிலேயே பாரிசில் உலக நாடுகள் தட்பவெப்ப உடன்படிக்கை செய்துகொண்டன. ஆயினும் செயல் போதவில்லை எனக் கண்ட பிரான்சிஸ், 2023 அக்டோபர் 4 அன்று 'லவுதாத்தே தேயும்' என்னும் தொடர்மடலையும் வெளியிட்டார். 2025 ஏப்ரல் 21 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் பதினான்காம் சிங்கராயர் என்னும் பெயரை ஏற்றார். தொழிற்புரட்சிக் காலத்தில் தொழிலாளருக்காகப் பேசிய பதிமூன்றாம் சிங்கராயரை நினைந்தே அப்பெயரைத் தெரிந்ததாக அவரே கூறினார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் வெளியிட்ட முதல் ஊக்கவுரை ஏழைகள்மீது கொள்ளவேண்டிய அன்பைக் குறித்தது.

நம் ஊரில் இதன் பொருள் யாது? வேலூர் வட்டாரத்துப் பாலாற்றங்கரையைப் பாருங்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு குறித்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனமை எடுத்துக்காட்டப்பட்டது. திண்டுக்கல் பகுதியில் ஆய்வு செய்த 13 ஊர்களில் 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயிருந்தமையும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அத்தீர்ப்பாலேயே. அத்தோல் தொட்டிகளில் இறங்கி உழைத்தவர் யார்? பெரும்பாலும் நம் மக்களே. கெட்டுப்போன கிணற்று நீரைக் குடித்தவரும் அவர்களே. சென்னை மாநகரின் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்ட கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் அம்மேடுகளை அடுத்து வாழ நேர்ந்தவர் யாவர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்ட பின்னரும் கழிவுநீர்த் தொட்டிகளில் உயிரிழப்புகள் நின்றபாடில்லை. அவ்வுயிரிழப்புகளுக்கான இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்த வேண்டியிருந்தது. ஊரின் தூய்மைக்கு ஒரு சாதியின் உயிரை விலையாக வைக்கும் நாட்டில், சுற்றுச்சூழலைச் சாதியின்றிப் பேசுதல் அரைகுறைப் பேச்சாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீர் மனித உரிமை என்று திருத்தந்தையர் எழுதுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். இயற்கையின் கொடை எல்லார்க்கும் பொது என்னும் கோட்பாட்டை நம் மக்கள் உரோமாபுரியிடமிருந்து கடன் வாங்கவில்லை. அதனைத் தம் உள்ளங்கையில் ஏந்திப் பருகி மெய்ப்பித்தனர்.

தமிழகத் திருச்சபையும் சாதியும்

1971-இல் உரோமாபுரியில் கூடிய உலக ஆயர் மன்றம், நீதிக்காகச் செயற்படுதல் நற்செய்திப் பணியின் இன்றியமையாக் கூறு என்று அறிவித்தது. நீதியைப் பற்றிப் பிறர்க்கு உரைக்கத் துணிபவர் முதலில் தாம் அவர்கள் கண்முன் நீதியுடையோராக விளங்க வேண்டும் என்றும் அது கூறியது. இந்த உரைகல்லில் தமிழகத் திருச்சபையை உரைத்துப் பார்ப்பது நம் கடமை.

தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தே நொபிலியின் மதுரைப் பணியையொட்டி எழுந்த வழக்கில், 1623 சனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரியார், உயர் சாதியினர் கிறிஸ்தவரான பின்னரும் பூணூலும் குடுமியும் சந்தனமும் நிபந்தனைகளுடன் வைத்துக்கொள்ள இசைந்தார். உயர்குலத்தார் ஏனையோரை, சிறப்பாக ஆலயத்தில் இறைவாக்கைக் கேட்கும்போதும் அருட்சாதனங்களைப் பெறும்போதும், இகழலாகாது என்றும் அதே மடலில் வேண்டினார். இசைவு நிலைத்தது. வேண்டுகோள் காற்றோடு போயிற்று.

1640 முதல் தாழ்ந்தோர் எனப்பட்ட சாதியினருக்கெனப் பண்டாரசாமிகள் என்னும் தனிப்பிரிவுக் குருக்கள் பணியாற்றலாயினர். புதுச்சேரிக்கு வந்திருந்த திருத்தந்தையின் தூதர் தே தூர்னோன், 1704-இல் நோயுற்ற பறையர் கிறிஸ்தவர்களின் இல்லங்களுக்கே குருக்கள் சென்று அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்று ஆணையிட்டார். சேரிக் குடிசைக்குள் குரு நுழைவதற்கே திருத்தந்தையின் தூதர் ஆணையிட வேண்டியிருந்தது என்றால், அக்கால நிலையை உய்த்துணரலாம். அவ்வாணையை எதிர்த்து நாற்பது ஆண்டுகள் வழக்காடினர். 1744 செப்டம்பர் 12 அன்று பதினான்காம் ஆசீர்வாதப்பர் வழக்கை முடித்தபோது, பறையர்க்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டுக்கு இசைந்தார். ஆணையின் உயிரைத் தனிமை ஏற்பாட்டில் புதைத்தனர் என்றே நாம் கருத வேண்டியுள்ளது. ஆலயத்தில் தனியிடம், கல்லறைத் தோட்டத்தில் தடுப்புச் சுவர், தேர்த் திருவிழாவில் தெரு விலக்கு என அத்தனிமை இருபதாம் நூற்றாண்டையும் கடந்து தொடர்ந்தது.

1982-இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தது. 2003 நவம்பர் 17 அன்று, உரோமாபுரி சென்ற தமிழக ஆயர்களிடம் இரண்டாம் அருள் சின்னப்பர் வெளிப்படையாகவே பேசினார். கிறிஸ்தவரிடையே சாதி வேற்றுமையின் சாயல்கூட மனித ஒருமைப்பாட்டுக்கு எதிர்ச்சான்று என்றும், தலித் மக்களை எவ்விடத்தும் பிரித்து வைத்தல் ஆகாது என்றும் அவர் கூறினார். 2016 டிசம்பரில் ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கை, இந்தியாவின் 1 கோடியே 90 இலட்சம் கத்தோலிக்கருள் 1 கோடியே 20 இலட்சம் பேர் தலித் மக்கள் என்றும், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவே என்றும் ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டு 27 அன்று ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். தலித் மக்களிலிருந்து அந்நிலை எய்திய முதல்வர் அவரே.

அரசும் இவ்வநீதியில் பங்குடையது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அவ்வுரிமை நீட்டிக்கப்பட்டது. சமயத்தோடு பிணைக்காமல் அவ்வுரிமையை வழங்கலாம் என்று 2007-இல் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்த பின்னரும் கிறிஸ்தவத் தலித்துகளுக்கு அது எட்டவில்லை. ஆலயத்தில் சாதியால் ஒதுக்கப்பட்டவன், அலுவலகத்தில் சமயத்தால் ஒதுக்கப்பட்டான்.

முடிவுரை

மேலே கண்ட வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. ஒன்று, திருத்தந்தையரின் போதனை வானிலிருந்து முழுமையாக இறங்கியதன்று. அடிமைகள், ஆலைத் தொழிலாளர், காலனி மக்கள், குப்பை பொறுக்குவோர் ஆகியோரின் போராட்டங்கள் தட்டத் தட்டவே அக்கதவு திறந்தது. மற்றொன்று, திறந்த கதவை மீண்டும் சார்த்தவிடாமல் பிடித்து நிற்பது தட்டியவர்களின் பொறுப்பே ஆகும். மடல்கள் மாளிகை நூலகங்களில் உறங்குவதற்காக எழுதப்பட்டனவல்ல. பங்குப் பேரவையிலும், மறைமாவட்டப் பள்ளியின் ஆசிரியர் நியமனத்திலும், கல்லறைத் தோட்டத்தின் வாயிலிலும், கிராமசபையிலும் அவற்றைக் கையில் ஏந்தி, நீங்கள் எழுதியதை நீங்களே நிறைவேற்றுங்கள் என்று கேட்க வேண்டும்.

அங்ஙனம் கேட்பதற்குக் கல்வி வேண்டும். படிக்கத் தெரியாதவனுக்குச் சாதகமாக எழுதப்பட்ட சட்டமும் மடலும் பூட்டிய பெட்டியில் உள்ள சாவியே. நிலப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த இளைஞனே பஞ்சமி நிலத்தை மீட்பான். நீரின் மாசை அளக்கக் கற்ற பெண்ணே தன் ஊர்க் கிணற்றைக் காப்பாள். சமயப் போதனையைத் தானே படித்தவரை எந்தப் பீடமும் ஏமாற்ற முடியாது. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விச் சங்கம் ஆற்றிவரும் பணியின் பொருள் இதுவே. இந்த மலரைக் கையில் ஏந்தும் மாணவ மாணவியர், தாம் படித்ததைத் தம் தெருவுக்குக் கொண்டு செல்வார்களாக. கூலியும் நீரும் மனையும் எல்லார்க்கும் உரியனவாகும் நாள் வரை நம் சங்கத்தின் பணி ஓங்குக!